ராத்திரி பத்து மணிக்கும் சுடுற சீலிங்

போன வருஷம் சித்திரையில ஒரு நாள், ராத்திரி பத்து மணி இருக்கும், பிளாஸ்டிக் ஸ்டூல் மேல ஏறி நின்னு சீலிங்ல உள்ளங்கைய வச்சு பாத்துட்டு இருந்தேன். "என்னங்க, பல்லி புடிக்கிறீங்களா"ன்னு வீட்டம்மா. இல்ல நீயும் வந்து தொட்டுப் பாருன்னேன். வெயில் சாஞ்சு நாலு மணி நேரம் ஆச்சு, வெளிய வாசல்ல லேசா காத்து கூட வீசுது, ஆனா சீலிங் இட்லி குண்டான் மூடி மாதிரி கொதிக்குது. அதுக்கு அடியில ஃபேனைப் போட்டா அந்த சூட்டை அள்ளி நம்ம மேல ஊத்துது, அவ்ளோதான்.

திருச்சி வெயில் எனக்கு புதுசு இல்ல, இங்கயே பொறந்து வளந்தவன். ஆனா சின்ன வயசுல கத்திரி வெயில்னா பகல்ல தான் கஷ்டம், ராத்திரி பாயைத் தூக்கிட்டு மொட்டை மாடிக்கு போனா தூக்கம் வந்துரும். இப்ப ராத்திரி தான் கஷ்டம். பகல்ல ஆபீஸ்ல ஏசில உக்காந்துட்டு வந்து ராத்திரி வீட்ல வேகுறோம்.

இதுல என் தப்பும் இருக்கு, அதை சொல்லிடறேன். கீழ் வீடு அப்பா 1996ல கட்டுனது. அந்த மாடில செங்கல் ஜல்லி சுண்ணாம்பு போட்டு மேல தட்டோடு, அதாவது தட்டையான சுட்ட மண் ஓடு, பதிச்சிருந்தாரு. 2015ல நான் மேல ரெண்டு ரூம் கட்டுறப்ப அதை பூரா கடப்பாரையால ஒடச்சு எடுத்து, காம்பவுண்ட் சுவர் ஓரமா பள்ளத்துல கொட்டி மூடுனோம். புது மாடிக்கு தட்டோடு போடலாமான்னு நான் கேட்டதுக்கு கான்ட்ராக்டர் சிரிச்சாரு. "இப்பல்லாம் யாரு சார் அதை போடுறா, வாட்டர்ப்ரூஃப் கெமிக்கல் கலந்து சிமென்ட் இழுத்து விட்டா கண்ணாடி மாதிரி இருக்கும்"னாரு. கண்ணாடி மாதிரி தான் இருந்துச்சு. ரெண்டு வருஷத்துல சுவரும் தளமும் சேர்ற இடத்துல ரூம் சுத்தி நேர்கோடா ஒரு விரிசல் விட்டுச்சு. அது ஏன்னு ரொம்ப நாள் எனக்கு புரியல, பகல்ல தளம் சூட்டுல விரிஞ்சு ராத்திரி சுருங்குது, சுவர் கூட சேந்து நகராது, அதனால அங்க பிரியுதுன்னு அப்புறம் தான் தெரிஞ்சுது.

அஞ்சு இஞ்ச் காங்கிரீட் தளம் சூட்டை தடுக்காது, தாமதப்படுத்தும். மத்தியானம் மேல வாங்குன சூடு மெதுவா இறங்கி சாயங்காலத்துக்கு மேல தான் உள்ள வந்து சேரும், அதாவது நம்ம வீட்டுக்கு வந்து சட்டையை கழட்டுற நேரம் பாத்து. பகல்ல மட்டும் வேலை நடக்குற ஆபீஸ் கட்டடமா இருந்தா இது ஒரு வகையில லாபம் கூட. தூங்குற வீட்டுக்கு இது துரோகம்.

நான் ஒரு லேசர் தெர்மாமீட்டர் வாங்கினேன், துப்பாக்கி மாதிரி இருக்கும், காய்ச்சல் பாக்குறது இல்ல, மெக்கானிக் வச்சிருக்கறது. அதை வச்சுகிட்டு ஒரு வாரம் பைத்தியம் மாதிரி தெருவுல எல்லாத்தையும் சுட்டுட்டு இருந்தேன். என் மாடி சிமென்ட் தரை மத்தியானம் ரெண்டு மணிக்கு 62 டிகிரி. ராத்திரி பத்து மணிக்கு உள்பக்க சீலிங் 39. பக்கத்து வீட்ல இன்னும் பழைய தட்டோடு இருக்கு, பாசி புடிச்சு கறுத்து போயிருக்கு, ஆனாலும் அவங்க சீலிங் என்னுத விட 3 டிகிரி கம்மி. தெரு முனை டீக்கடை தகர ஷீட்டுக்கு அடியில மத்தியானம் 56. அந்த அண்ணன் அதுக்கு கீழ தான் பாய்லரையும் வச்சு நிக்கிறாரு.

இதெல்லாம் என் கைல இருந்த ஆயிரத்து சொச்சம் ரூபா சாமானோட கணக்கு, ஆராய்ச்சின்னு எடுத்துக்காதீங்க. ஆனா பெரிய கணக்கும் இதே பக்கம் தான் சாயுது. மத்திய அரசோட புவி அறிவியல் அமைச்சகம் 2020ல வெளியிட்ட அறிக்கையில 1901ல இருந்து 2018க்குள்ள நம்ம நாட்டு சராசரி வெப்பநிலை 0.7 டிகிரி கிட்ட கூடியிருக்குன்னு சொல்லிருக்காங்க. 0.7 தானேன்னு தோணும். ஆனா ஒரு டிகிரி சூடு கூடுனா காத்து 7 சதவீதம் கிட்ட கூடுதலா ஈரத்தை புடிச்சு வச்சுக்கும், அந்த ஈரம் தான் ராத்திரி புழுக்கமாவும் வருது, மழைக்காலத்துல ஒரே நாள்ல கொட்டுற மழையாவும் வருது. 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் பேஞ்சுது, ஞாபகம் இருக்கும். 2024 அக்டோபர்ல தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடரா அறிவிச்சாங்க. ஆக வெயிலும் பேரிடர், மழையும் பேரிடர், ரெண்டையும் தாங்க வேண்டியது அதே ஒரு கூரை.

இந்த இடத்துல எல்லாரும் எழுதுற மாதிரி நானும் "நம்ம முன்னோர்கள் அந்தக் காலத்துலயே"ன்னு ஆரம்பிக்கலாம். எங்க அப்பாயி வீடு லால்குடி பக்கம், நாட்டு ஓடு, திண்ணை, நடுவுல முற்றம், மண்ணும் சுண்ணாம்பும் கலந்த ஒன்றரை அடி சுவர். மத்தியானம் உள்ள போனா பானைக்குள்ள போன மாதிரி இருக்கும். ஓட்டுக்கு நடுவுல சந்து இருக்குறதால சூடு மேலயே கசிஞ்சு போயிரும், முற்றத்துல சூடான காத்து ஏறி போக திண்ணை பக்கத்துல இருந்து புதுக் காத்து உள்ள வரும். எல்லாம் சரி. ஆனா வருஷா வருஷம் ஓடு மாத்தணும், குரங்கு வந்தா ஒரு தடவைக்கு அம்பது ஓடு காலி, உத்தரத்துல கரையான், மழைக்காலத்துல ஓட்டு சந்துல இருந்து தேள் விழும். அப்பாயி சாகுற வரைக்கும் எங்க அப்பாகிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு தான்: "எனக்கு ஒரு தார்சு வீடு கட்டிக் குடுரா". தார்சுன்னா காங்கிரீட் தளம் போட்ட வீடு.

அப்புறம் 2018 நவம்பர்ல கஜா புயல். நாகப்பட்டினம் வேதாரண்யம் பக்கம் கரைய கடந்து புதுக்கோட்டை வரைக்கும் புரட்டி போட்டுச்சே, அப்ப சொந்தக்காரங்களுக்கு சாமான் கொண்டு போயி குடுக்கறதுக்காக பட்டுக்கோட்டை தாண்டி போனேன். ஓட்டு வீடு, கூரை வீடு எல்லாம் மண்டையை தொறந்து வச்ச மாதிரி நின்னுச்சு. தெருவுல யார் வீட்ல தார்சு இருக்கோ அங்க தான் பத்து குடும்பம் படுத்திருந்தாங்க. அன்னைக்கு அந்த வீட்டுக்குள்ள நின்னுகிட்டு காங்கிரீட் சூடு புடிக்கும்னு சொல்லியிருந்தா என்னை அடிச்சிருப்பாங்க. அதனால பழைய வீட்டுக்கே திரும்பி போகணும்னு ஏசி ரூம்ல உக்காந்து எழுதுறவங்கள பாத்தா எனக்கு கொஞ்சம் கோவம் வரும். காங்கிரீட்டை யாரும் பவுசுக்காக மட்டும் போடல.

சரி, தளம் காங்கிரீட்டாவே இருக்கட்டும், அந்த தளத்துக்கு வெயில் படாம பாத்துக்கணும். இதை சொல்ல ஒரு வரி போதும், எனக்கு புரிய நாலு வருஷம் ஆச்சு. நடுவுல உள்பக்கம் ஃபால்ஸ் சீலிங் போட்டு பாத்தேன், கொஞ்சம் கொறைஞ்சுது, ஆனா தளம் அப்படியே தான் கொதிக்குது, விரிசலும் நிக்கல, போதாக்குறைக்கு உள்ள எலி வேற குடித்தனம் வந்துருச்சு. ஜன்னலுக்கு உள்பக்கம் தடியா ஸ்க்ரீன் போட்டேன், அதுவும் அதே தப்பு தான், வெயில் கண்ணாடிய தாண்டி உள்ள வந்தப்புறம் துணியால மறைச்சு என்ன ஆகப்போகுது, அது வந்தது வந்தது தான். வெளிய மூங்கில் கட்டி பச்சை நெட்டு தொங்க விட்டப்புறம் தான் மேக்கு ரூம் மனுஷன் இருக்கற மாதிரி ஆச்சு. பாக்க நர்சரி மாதிரி இருக்குன்னு மச்சான் கிண்டல் பண்றான், பண்ணட்டும்.

ஜன்னல்னதும் ஞாபகம் வருது. வடக்கு பக்கம் வெயில் வராதுன்னு நான் ரொம்ப காலம் நம்பிட்டு இருந்தேன், இணையத்துல படிக்கற நிறைய கட்டுரையும் அப்படித்தான் சொல்லுது. அது வடக்க ரொம்ப தள்ளி இருக்கற ஊருக்கு சரி. திருச்சி 11 டிகிரி அட்சரேகைக்கு சத்த கீழ இருக்கு. சித்திரை மொத வாரத்துல உச்சி சூரியன் நேரா நம்ம மண்டைக்கு மேல. அங்க இருந்து ஆவணி மொத வாரம் வரைக்கும் உச்சி சூரியன் நமக்கு வடக்க தான் நிக்கும். சாயங்காலம் அஞ்சு மணி வெயில் வடமேக்குல இருந்து படுத்துகிட்டே உள்ள வரும், அதுக்கு மேல நீட்டிட்டு இருக்கற ரெண்டடி சன்ஷேடு ஒண்ணும் பண்ணாது, அது உச்சி வெயிலுக்கு போட்ட தொப்பி. படுத்து வர்ற வெயிலுக்கு தட்டி மாதிரி, ஓட்டை ஓட்டையா விட்டு கட்டுற ஜாலி சுவர் மாதிரி குத்தா ஏதாவது வேணும், இல்ல மரம் வேணும். இதுல கூத்து என்னன்னா வாஸ்து பாத்து பெரிய பெட்ரூமை கன்னி மூலையில, அதாவது தென்மேக்குல வைக்கிறோம். மத்தியானத்துல இருந்து இருட்டுற வரைக்கும் வெயில் வாங்குற மூலை அது. அங்கயே நம்மளும் படுத்து, சுவருக்கு வெளிய ஏசி பெட்டிய மாட்டி, அந்த சூட்டை எதிர்த்த வீட்டு ஜன்னலுக்கு அனுப்பி வைக்கிறோம்.

திருவனந்தபுரம் ஒரு கல்யாணத்துக்கு போனப்ப தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸுக்கு போயிருந்தேன். பஸ் ஸ்டாண்ட் பக்கத்துலயே இருக்கு, செங்கல்ல கட்டுன நத்தை ஓடு மாதிரி மேல மேல சுத்திட்டு போகும், உள்ள சரிவா ஏறிட்டே டேபிள் போட்டிருக்காங்க. சுவர் பூரா ஜாலி ஓட்டை. நல்ல மத்தியானம், கூட்டமான கூட்டம், அந்த ஓட்டை வழியா காத்து வந்து வாழைப்பழம் மாதிரி சுருட்டி வச்சிருந்த டிஷ்யூவ தள்ளிட்டு போச்சு. ஏசி இல்ல. லாரி பேக்கர்ங்கற கட்டடக் கலைஞர் கட்டுனது. 1917ல இங்கிலாந்துல பர்மிங்ஹாம்ல பொறந்து, தொழுநோய் வேலைக்காக 1945ல நம்ம நாட்டுக்கு வந்து, இங்கயே இருந்து 2007ல இறந்து போன மனுஷன். அஞ்சு மைல் சுத்தளவுல கெடைக்கிற சாமானை வச்சே வீடு கட்டணும்னு காந்தி தன்கிட்ட சொன்னதா அவர் சொல்லிட்டு இருப்பாராம். அவரோட எலிப்பொறி கட்டு தான் எனக்கு புடிச்சது: செங்கல்ல படுக்க வைக்காம நட்டு வச்சு, வெளி வரிசைக்கும் உள் வரிசைக்கும் நடுவுல மூணு இஞ்ச் சந்து விட்டு ஒம்பது இஞ்ச் சுவர் கட்டுறது. செங்கல் கால்வாசி கிட்ட மிச்சம், நடுவுல இருக்கற காத்து சூட்டை தடுக்கும்.

ஊருக்கு வந்ததும் மாடிப்படி ரூமை அப்படி கட்டணும்னு ஆரம்பிச்சேன். நம்ம கொத்தனார் அண்ணன் துறையூர்க்காரர், அறுபது வயசு கிட்ட. நான் யூடியூப்ல காட்டினதை கண்ணை சுருக்கி பாத்துட்டு, "ஏன் தம்பி, செங்கல்ல நட்டுக்க வச்சா பாம்பு குடியிருக்குமே"ன்னாரு. அப்புறம் "நாளைக்கு ஆணி அடிச்சா உள்ள போயிரும், காலண்டர் எங்க மாட்டுவீங்க"ன்னாரு. ரெண்டாவது கேள்வி நியாயமான கேள்வி. மொத நாள் மூணு வரிசை கட்டிட்டு, கோணிகிச்சுன்னு அவரே பிரிச்சுட்டாரு. இதுக்கு செங்கல் ஒரே சைஸா இருக்கணும், நம்ம சூளை செங்கல் ஒவ்வொண்ணும் ஒரு மாதிரி. லோடுல இருந்து பொறுக்கி பொறுக்கி தான் எடுக்க வேண்டி இருந்துச்சு. மிச்சம் புடிச்ச செங்கல் காசு கூலியில போயிருச்சு, மறைக்காம சொல்றேன். நாலாவது நாள் அவரு தனியா நின்னு அந்த சுவரை தட்டி தட்டி சத்தம் கேட்டுட்டு இருந்தாரு. புடிச்சு போச்சுன்னு வாயால சொல்லல.

மாடி வேலை ஆடியில வச்சோம். ஆடியில யாரும் புது வீடு ஆரம்பிக்க மாட்டாங்க, ஆளு கெடைக்கும். மேல பழைய சிமென்ட் பூச்சை கொத்தி எடுத்துட்டு, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு மூணு இஞ்ச் தளம், அதுக்கு மேல தட்டோடு, அதுக்கு மேல வெள்ளை. (எடை கூடும், இஞ்சினியர் வந்து பீமு தளம் எல்லாம் பாத்து சரின்னு சொன்னப்புறம் தான் செஞ்சோம், நீங்களும் கேக்காம செய்யாதீங்க.) கல் சுண்ணாம்பை தொட்டில போட்டு தண்ணி ஊத்தினதும் அது கொதிக்கற கொதி இருக்கே, என் பொண்ணு பயந்து படில இறங்கி ஓடிட்டா. சுண்ணாம்புல கலக்கறதுக்கு கடுக்காயும் வெல்லமும் ஊற வச்ச தண்ணிய அண்ணன் வீட்ல இருந்தே கேன்ல கொண்டு வந்தாரு, அந்த துவர்ப்பு வாசனைக்கு ஊர்ல இருக்கற எறும்பு பூரா மாடிக்கு வந்துருச்சு. அப்புறம் நாலு பேர் வரிசையா குந்திகிட்டு மரக்கட்டையால மூணு நாள் தட்டுனாங்க. தட்ட தட்ட தண்ணி மேல வரும், பேஸ்ட் மாதிரி மினுக்கும். நாலு பேர்ல ரெண்டு பேருக்கு அந்த வேலை தெரியாது, அண்ணன் கைய புடிச்சு சொல்லி குடுத்தாரு. சுண்ணாம்பு தளம் கடைசியா எப்ப போட்டீங்கன்னு கேட்டேன். "எங்க மொதலாளி இருந்தப்ப"ன்னாரு. அவர் மொதலாளி செத்து இருபது வருஷம் ஆச்சாம்.

ஏன் சிமென்ட் வேணாம் சுண்ணாம்பு தான்னு அடம் புடிச்சேன்னு கேட்டீங்கன்னா, அரியலூர் ரோட்ல போயிருக்கீங்களா. சுண்ணாம்புக்கல் லாரி ஒண்ணு பின்னாடி ஒண்ணு. ஒரு காலத்துல அந்த ஊரே கடல், அந்த கடல்ல வாழ்ந்த ஜீவனுங்களோட ஓடு தான் கல்லா கெடக்குது, இன்னைக்கும் அங்க நத்தை மாதிரி சுருண்ட அம்மோனைட் எல்லாம் எடுக்கறாங்க. அந்த கல்லை 1450 டிகிரில சுட்டா தான் சிமென்ட். சுடுறப்ப எரிக்கிற நிலக்கரி புகை ஒரு பக்கம், ஆனா பாதிக்கு மேல கரியமில வாயு அந்த கல்லுக்குள்ள இருந்தே வருது, அதனால கரண்டை எல்லாம் சோலாருக்கு மாத்தினாலும் அந்த பங்கு போகாது. உலகத்துல மனுஷன் விடுற கரியமில வாயுல 7, 8 சதவீதம் சிமென்ட் கணக்கு. கட்டடம் கட்டுறது, அதுல ஃபேன் ஏசி ஓட்டுறது எல்லாம் சேத்தா மூணுல ஒரு பங்குக்கு மேல. சுண்ணாம்பையும் சுடத்தான் வேணும், ஆனா 900 டிகிரி போதும், காயுறப்ப விட்ட கரியமில வாயுல ஒரு பகுதிய திரும்ப இழுத்துக்கும். அதுக்காக தளத்தையே சுண்ணாம்புல போட முடியாது, வாரக்கணக்குல காயும், கம்பிக்கு ஆகாது. நான் மிச்சம் புடிச்சது ஒரு இருபது மூட்டை சிமென்ட் இருக்கும், அரியலூர்ல ஒரு லாரி கூட அதுக்காக நிக்கல. தெரிஞ்சு தான் செஞ்சேன்.

ஆரோவில்ல மண்ணோட 5 சதவீதம் சிமென்ட் மட்டும் கலந்து மெஷின்ல அமுக்கி சுடாம கல் பண்றாங்க, அதையும் பாத்துட்டு வந்தேன். நல்லா இருக்கு. ஆனா எங்க வீட்டு மண் கரிசல், கரிசலுக்கு சிமென்ட் ஒத்து வராது, சுண்ணாம்பு கலக்கணும், அதுவும் டெஸ்ட் பண்ணி தான். நம்ம ஊர்ல மண்ணு கூட தெருவுக்கு தெரு மாறுது, "இது தான் பசுமை வீடு"ன்னு ஒரே டிசைனை எல்லாருக்கும் விக்கறவங்க எப்படி விக்கறாங்கன்னு தெரியல. அப்புறம் அந்த கண்ணாடி ஆபீஸ் டவருங்க, நாலு பக்கமும் கண்ணாடி, உள்ள இருபத்தி நாலு மணி நேரமும் ஏசி, வாசல்ல பசுமை கட்டடம்னு சர்டிபிகேட் மாட்டிருக்கும். விடுங்க, அத ஆரம்பிச்சா பதிவு முடியாது.

இந்த வருஷம் சித்திரையில அதே ஸ்டூல், அதே பத்து மணி. சீலிங் 33. மத்தியானம் மேல வெள்ளை தரை 45. ஏசி இன்னும் இருக்கு, மே மாசம் போட்டோம், ஆனா 27ல வச்சு ரெண்டு மணி நேரம் ஓடுனா போதும், அப்புறம் ஃபேன். போன வருஷம் 22ல வச்சு விடிய விடிய ஓடுச்சு. வெள்ளை அடிச்சது புழுதில மங்கிருச்சு, வருஷா வருஷம் அடிக்கணும், கண் கூசுதுன்னு பின் வீட்டு அக்கா ரெண்டு தடவை சொல்லிட்டாங்க, அவங்களுக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியல.

வேலை முடிஞ்ச அன்னைக்கு மீந்த சுண்ணாம்பை ரெண்டு பக்கெட் அண்ணன் கேட்டு வாங்கிட்டு போனாரு. எதுக்குண்ணே, வேற சைட்டுக்கான்னேன். இல்ல தம்பி, நம்ம வீட்டு ஷீட்டுக்கு மேல அடிக்கத்தான்னாரு. அவர் வீடு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு, வாடகை வீடு. அடிச்சாரு, ஓனர் வந்து கேக்காம எப்படி அடிச்சேன்னு சத்தம் போட்டாராம். அப்புறம் அடியில வந்து நின்னு பாத்துட்டு பக்கத்து போர்ஷனுக்கும் அடிச்சு குடுக்க சொன்னாராம். கூலி குடுத்தாரான்னு கேட்டேன், அதுக்கு அவரு பேச்சை மாத்திட்டாரு.

நம்ம மாடி மேட்டர்ல ஒண்ணு பாக்கி இருக்கு. போன ஐப்பசி மழையில தண்ணி போற குழா வாய் கிட்ட சீலிங்ல உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் காட்டுச்சு. தட்டோடு பதிச்சப்ப குழாயை சுத்தி அங்க மட்டும் அவசரமா சிமென்ட் வச்சு அடைச்சோம், மழை மேகம் கட்டிகிட்டு வந்துச்சுன்னு. சுண்ணாம்பு ஒரு மாதிரி நகருது, சிமென்ட் ஒரு மாதிரி நகருது, நடுவுல முடி மாதிரி சந்து. ஒரு சின்ன டப்பாவ அடியில வச்சு மழைக்காலத்தை ஓட்டிட்டோம். அண்ணன்கிட்ட காட்டுனேன், "நான் அப்பவே சொன்னேன்ல"ன்னாரு, சொல்லவே இல்ல. ஆடி பொறந்ததும் வர்றேன்னு சொல்லிருக்காரு, கடுக்காய் மட்டும் இப்பவே வாங்கி வைக்க சொல்லிருக்காரு, கால் கிலோ.